உங்களுக்குத் தெரியுமா? வெட்டுவது கையல்ல, வேகம்: டை கிரைண்டர் கணக்குகள்

கிள்ளானில் மேரு, காப்பார், பண்டமாரான் பக்கம் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும், காற்றுக் குழாயின் நுனியில் கைக்கு அடக்கமான ஒரு கருவி தொங்குவதைப் பார்க்கலாம். அதுதான் டை கிரைண்டர். காரின் புகைக்குழாயில் துருவேறி இறுகிப்போன நட்டை அறுக்கும். காவடிச் சட்டத்தின் கூர் விளிம்பை மழுக்கும். நம் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டவர்கள். அதற்குள் இருக்கும் கணக்கை உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. அந்தக் கணக்கில் முக்கியமானவை இதோ.

அச்சுக்காகப் பிறந்தது

தகடுகளை அழுத்தி உருவாக்கும் அச்சுகள், பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகள் ஆகியவற்றின் மூலை முடுக்குகளைத் தேய்த்துச் சீராக்க உருவான கருவி இது. கோயம்புத்தூர் வார்ப்பாலைகளில் வார்ப்படங்களின் பிசிறு எடுப்பதும் இதே வகைக் கருவிதான். தகடு அறுக்கும் வேலை பின்னால் வந்து சேர்ந்தது. அதனால்தான் பெரிய டிஸ்க்கைத் தாங்கும் உடலமைப்பு இதற்குக் கிடையாது.

ரயிலைவிட இரு மடங்கு வேகம்

சாதாரண டை கிரைண்டர் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றும். சில 25,000 வரை போகும். அதில் 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று இஞ்ச் டிஸ்க்கை மாட்டினால், டிஸ்க்கின் விளிம்பு வினாடிக்கு 78.5 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு ஏறத்தாழ 283 கிலோமீட்டர். கேஎல் சென்ட்ரலில் வந்து நிற்கும் இடிஎஸ் ரயில் தன் உச்ச வேகத்தில் ஓடும்போதுகூட மணிக்கு 140 கிலோமீட்டர்தான். இரும்பை வெட்டுவது இந்த வேகம். கை செய்யவேண்டியது, கருவியை நேராகப் பிடித்து வழிநடத்துவது மட்டுமே.

"நாலு இஞ்ச் டிஸ்க்கைப் போடுண்ணே" என்றால்?

மூன்று இஞ்ச் தீர்ந்துபோனால் பட்டறையில் எழும் பேச்சு இது. கணக்கைப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் டிஸ்க் 20,000 சுற்றில் ஓடினால் விளிம்பு வேகம் வினாடிக்கு 104.7 மீட்டராகிவிடும். பெரும்பாலான கட்டிங் டிஸ்க்குகள் தாங்கும் வரம்பு வினாடிக்கு 80 மீட்டர். டிஸ்க்கைப் பிய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அது வரம்பைவிட 70 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடுகிறது. நாலு இஞ்ச் டிஸ்க்கின் முகத்தில் சுமார் 15,300 என்ற எண் அச்சாகியிருக்கும். அதுதான் அதன் உச்சச் சுற்று. 11,000, 12,000 சுற்றில் ஓடும் ஆங்கிள் கிரைண்டருக்கு அது பொருந்தும். டை கிரைண்டரில் மாட்டினால் வெடித்துச் சிதறக்கூடும்.

25,000 சுற்றுக்கு மூன்று இஞ்ச்சும் ஆகாமல் போகலாம்

அதே 75 மில்லிமீட்டர் டிஸ்க் 25,000 சுற்றில் வினாடிக்கு 98 மீட்டர் ஓடும். ஆகவே "மூன்று இஞ்ச்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டக்கூடாது. கருவியின் உடலில் பொறித்த எண்ணையும் டிஸ்க்கில் அச்சிட்ட எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிஸ்க்கின் எண் கருவியின் எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கவேண்டும்.

நிறக்கோடும் பேசும்

ஐரோப்பியத் தரத்தின்படி செய்த டிஸ்க்குகளில் வேகத்தைக் குறிக்க நிறக்கோடு இருக்கும். நீலம் என்றால் வினாடிக்கு 50 மீட்டர், மஞ்சள் 63, சிவப்பு 80, பச்சை 100.

டிஸ்க்குக்கும் காலாவதித் தேதி உண்டு

நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தை உற்றுப் பாருங்கள். மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பிசினால் ஒட்டிய டிஸ்க்கின் ஆயுள், தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. ஈரமும் வெப்பமும் அந்தப் பிசினைத் தளர்த்திவிடும். நம் ஊர்க் காற்றில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மழைச்சாரல் படும் ஜன்னலோரத்தில் அடுக்கிய டிஸ்க், தேதி முடியும் முன்பே வலுவிழக்கும். காய்ந்த இடத்தில், தட்டையாகப் படுக்கவைத்து அடுக்குங்கள்.

ஏ 60 டி பிஎஃப்: படிப்பது எப்படி?

டிஸ்க்கின் முகத்தில் இப்படி ஒரு குறியீடு இருக்கும். "ஏ" என்றால் அலுமினியம் ஆக்சைடு மணல். "60" மணலின் பருமன். எண் கூடக்கூட மணல் நைசாகும். "டி" பிணைப்பின் கடினம்; ஆங்கில அகரவரிசையில் பின்னால் போகப்போகக் கடினம் கூடும். "பிஎஃப்" என்பது பிசின் பிணைப்பு, உள்ளே நார்வலை. அந்த நார்வலைதான் அத்தனை வேகத்திலும் டிஸ்க்கைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது.

மாணிக்கத்தின் உறவு

அலுமினியம் ஆக்சைடின் இயற்கை வடிவம் குருந்தக்கல். மாணிக்கமும் நீலமும் அதே கல்தான். கலந்திருக்கும் நிறமிகள்தான் வேறு. வைரத்தைப் பத்து என்று வைத்த மோஸ் கடின அளவில் இதற்கு ஒன்பது. தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குருந்தக்கல் கிடைக்கும் இடமாகப் பேர்பெற்றது. நிலவு மண்ணை ஒத்த மண்ணைச் சந்திரயான்-2 சோதனைகளுக்காக இஸ்ரோ தயாரித்தபோது, அதற்கான பாறையும் சித்தம்பூண்டிப் பக்கத்திலிருந்துதான் போனது. இன்று டிஸ்க்குக்கான மணலைப் பாக்சைட்டை மின் உலையில் உருக்கிச் செய்கிறார்கள்.

ஒரு மில்லிமீட்டரா, மூன்று மில்லிமீட்டரா?

டிஸ்க் எவ்வளவு தடிமனோ, அவ்வளவு அகலத்துக்கு இரும்பு தூளாகிறது. 3 மில்லிமீட்டர் டிஸ்க், 1 மில்லிமீட்டர் டிஸ்க்கைவிட மூன்று மடங்கு இரும்பைப் பொடியாக்குகிறது. அதற்கேற்ப நேரம், சூடு, காற்றுச் செலவு எல்லாம் கூடும். மெல்லிய தகடுக்கு 1 மில்லிமீட்டர் போதும். ஆனால் மெல்லிய டிஸ்க்குக்குப் பக்கவாட்டு அழுத்தம் ஆகாது. வெட்டும்போது திருகவோ, அதன் பக்கத்தால் தேய்க்கவோ கூடாது. தேய்ப்பதற்குத் தடித்த டிஸ்க் தனியாக இருக்கிறது.

தேய்ந்த டிஸ்க் ஏன் மந்தமாகிறது?

75 மில்லிமீட்டர் டிஸ்க் தேய்ந்து 50 ஆனால், அதே 20,000 சுற்றில் விளிம்பு வேகம் வினாடிக்கு 52 மீட்டராக இறங்கிவிடும். "வெட்டமாட்டேன் என்கிறது" என்று இன்னும் அழுத்துவோம். சுற்று குறையும், சூடு ஏறும், டிஸ்க் வெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். டிஸ்க்கை மாற்ற ஆகும் செலவு சில ரிங்கிட்தான். அழுத்தத் தோன்றும் நேரமே மாற்றவேண்டிய நேரம்.

பொறி ஒரு பக்கம், உதை மறுபக்கம்

வெட்டுக்குள் டிஸ்க் சிக்கினால் கருவி எந்தப் பக்கம் துள்ளும்? பொறியைப் பாருங்கள். பொறி பறக்கும் திசைக்கு நேர் எதிராகக் கருவி உதைக்கும். பொறி உங்களை விட்டு விலகிப் போனால் கருவி உங்களை நோக்கி வரும். பொறி உங்கள் பக்கம் வந்தால் கருவி முன்னால் ஓடும். எப்படிப் பிடித்தாலும் முகமும் கழுத்தும் டிஸ்க் சுற்றும் கோட்டின் நேரில் இருக்கக்கூடாது. ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். அறுத்து விழப்போகும் துண்டு தானாகக் கீழே சரியும்படி முட்டுக் கொடுங்கள். வெட்டு வாய் மூடிக்கொண்டால் டிஸ்க் சிக்கும்.

பொறி என்பது எரியும் இரும்பு

டிஸ்க் சுரண்டி எறியும் துகள் ஏற்கெனவே சூடானது. மிகச் சிறியதாக இருப்பதால் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து ஒளிர்கிறது. அந்தப் பொறியை வைத்தே உலோகத்தை அடையாளம் காணலாம். சாதாரண மைல்டு ஸ்டீலின் பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில் ஓடும். கார்பன் அதிகமுள்ள எஃகு மத்தாப்பூவாகக் கிளைத்துச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பில் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குறைவாக, ஆரஞ்சு நிறத்தில் காட்டும். அலுமினியமும் செம்பும் பொறியே விடாது.

துறைமுகத்துக் கொள்கலனின் கிழிசல்

கிள்ளான் துறைமுகம் 2023இல் மட்டும் 1 கோடியே 40 லட்சம் டிஇயு (இருபது அடிப் பெட்டிக் கணக்கு) கொள்கலன்களைக் கையாண்டது. அத்தனை பெட்டிகளில் இடிபட்டவை, கிழிந்தவை இல்லாமல் இருக்குமா? அவற்றைச் சுற்றுவட்டார டிப்போக்களில் செப்பனிடுகிறார்கள். கொள்கலனின் பக்கச் சுவர் பொதுவாக 1.6 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கார்ட்டென் எஃகு. மேலே படியும் துருவே கவசமாகி உள்ளிருக்கும் இரும்பைக் காக்கும் வகை அது. கிழிந்த இடத்தை நேர்கோட்டில் சதுரமாக வெட்டி எடுத்து, அதே வளைவுள்ள தகட்டைப் பொருத்தி வெல்டிங் வைக்கவேண்டும். மேடும் பள்ளமுமாக ஓடும் அந்தச் சுவரில், ஆங்கிள் கிரைண்டரின் பருத்த தலை இடிக்கும் இடத்தில் டை கிரைண்டரின் ஒல்லி உடல் நுழையும். ஒரே மூச்சில் அறுத்துவிடாமல், முதலில் சாக்பீஸ் கோட்டின்மேல் லேசாக ஒரு தடம் கீறி, அந்தத் தடத்திலேயே இரண்டு மூன்று முறை ஓட்டுவது கைதேர்ந்தவர்கள் வழி. வெட்டும் நேராக வரும், தகடும் சூட்டில் நெளியாது. பெட்டியின் தரை 28 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை என்பதை மட்டும் மறக்கவேண்டாம். உள்ளே விழும் பொறி அங்கேதான் தங்கும்.

எவர்சில்வருக்குத் தனி டிஸ்க்

இரும்பை அறுத்த டிஸ்க்கால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தொட்டால், டிஸ்க்கில் ஒட்டிய இரும்புத் துகள் அதில் பதிந்துவிடும். சில நாளில் அந்த இடம் துருப்பிடிக்கும். "ஐநாக்ஸ்" என்று அச்சிட்ட டிஸ்க்கில் இரும்பு, கந்தகம், குளோரின் ஆகியவை மிகமிகக் குறைவு. அதைத் தனி டப்பாவில் வையுங்கள். வெட்டிய ஓரம் மஞ்சளாகவோ நீலமாகவோ மாறியிருந்தால், சூடு அதிகமாகி மேற்பரப்பின் காப்பு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிறத்தைத் தேய்த்து எடுத்தால்தான் துருவுக்கு எதிரான குணம் திரும்பும்.

காவடி செய்வோர் கவனத்துக்கு

பத்துமலையில் தைப்பூசம் 1892 முதல் நடந்துவருகிறது. இன்றைய பெரிய காவடிகள் பலவற்றுக்கு அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் சட்டம். தோளிலும் இடுப்பிலும் பல மணி நேரம் அழுந்தும் அந்தப் பட்டைகளின் விளிம்பில் ஒரு மயிரிழைப் பிசிறு இருந்தாலும் பக்தரின் தோல் கிழியும். பர் என்னும் பல்லுள்ள சுழல்முனையைப் போட்டு விளிம்பை உருட்டிய பிறகு, ஒரு பருத்தித் துணியை அதன்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடமெல்லாம் இன்னும் வேலை பாக்கி. வெறும் விரலால் தடவிச் சோதிக்காதீர்கள்.

அலுமினியம் அடைத்துக்கொள்ளும்

அலுமினியம் மென்மையானது. சூட்டில் இளகி, சாதாரண டிஸ்க்கின் மணலுக்கு இடையிலும் பர்ரின் பற்களுக்கு இடையிலும் அப்பிக்கொள்ளும். பற்கள் அகன்ற, அலுமினியத்துக்கென்றே செய்த பர்ரை வாங்குங்கள். மெழுகைத் தொட்டுக்கொண்டு ஓட்டுங்கள். இன்னொரு எச்சரிக்கை: அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் சேர்ந்து கிடக்கும் இடத்தில் பொறி விழுந்தால் அடங்காத வெப்பத்தோடு எரியும். இரண்டின் தூளையும் ஒரே குவியலில் சேர்க்கவே கூடாது.

பர்ரின் பல் எங்கிருந்து வந்தது?

பர்ரின் தலை டங்ஸ்டன் கார்பைடு. அதன் தூளைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுட்டு இறுக்கும் முறையை 1923இல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் உருவாக்கினார். மின்விளக்கு இழைக்கான கம்பியை இழுக்கும் அச்சு தேடிய வேலையில் கிடைத்தது அது. ஒற்றை வெட்டுப் பர் நீண்ட சீவல் விடும். குறுக்கும் நெடுக்குமாகப் பல்லுள்ள இரட்டை வெட்டுப் பர் எஃகில் அடக்கமாக ஓடும், கை உதறாது. அது விடும் ஊசிச் சீவலைக் கையால் தட்டாதீர்கள். காந்தமோ பிரஷ்ஷோ எடுங்கள்.

நீளத் தண்டுக்கு நிதானம்

ஆழமான இடத்துக்கு நுழையும் நீளத் தண்டுப் பர்ரை வெறும் காற்றில் முழு வேகத்தில் சுழலவிட்டால் தண்டு வளைந்து சாட்டையடி கொடுக்கும். பர் உலோகத்தைத் தொட்ட பிறகு, குறைந்த வேகத்தில் லீவரை அழுத்துங்கள். குட்டைத் தண்டானாலும் மூன்றில் இரண்டு பங்காவது பிடிவாய்க்குள் இருக்கட்டும். பர்ரோ டிஸ்க்கோ மாற்றும்போது காற்றுக் குழாயைக் கழற்றிவிடுங்கள். லீவர் தானாக அமுங்க ஒரு தட்டு போதும்.

ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் தண்ணீர்

30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும் நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதைக் கம்ப்ரஸர் எட்டில் ஒரு பங்காக அமுக்கி, மீண்டும் அதே வெப்பத்துக்கு ஆறவிட்டால், அந்தக் காற்று நாலு கிராமுக்குமேல் தாங்காது. மீதி 20 கிராம் தண்ணீராக இறங்கும். நிமிடத்துக்கு 400 லிட்டர் காற்று இழுக்கும் கிரைண்டர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால், கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீர்! அது கருவிக்குள் போனால் உள்ளே இருக்கும் இரும்புப் பாகங்கள் துருப்பிடித்து வேகம் விழும். தொட்டியின் அடிக்குழாயைத் தினமும் திறந்து வடியுங்கள். நீர்பிரிப்பான் ஒன்று மாட்டுங்கள். வேலை தொடங்குமுன் காற்று வாயில் இரண்டு மூன்று சொட்டு ஏர் டூல் எண்ணெய் விடுங்கள்.

90 பிஎஸ்ஐ எங்கே?

பெரும்பாலான டை கிரைண்டர்கள் கேட்கும் 90 பிஎஸ்ஐ அழுத்தம், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது கருவியின் வாயில் இருக்கவேண்டிய அளவு. கம்ப்ரஸரின் முள் காட்டும் எண்ணை நம்பவேண்டாம். ஒல்லியான, நீளமான குழாய் வழியிலேயே அழுத்தத்தைத் தின்றுவிடும். உள்விட்டம் 10 மில்லிமீட்டர் குழாய்க்கு மாறினாலே பழைய கருவி புதிதுபோல் வெட்டும்.

காலி டிரம் காலியல்ல

எண்ணெய் டிரம்மை அறுத்து அடுப்பு செய்வது நம் ஊரில் வழக்கம். கண்ணுக்குக் காலியாகத் தெரியும் டிரம்மில் டீசலின் படிவு கொஞ்சம் ஒட்டியிருந்தாலே போதும். வெட்டும் சூட்டில் ஆவியாகி, பொறி பட்டு, மூடியோடு வெடிக்கும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மைத் தொடவே வேண்டாம்.

11 மீட்டர், ஒரு மணி நேரம்

பொறி பறக்கும் வேலையைச் சுற்றி 11 மீட்டர் வரை எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்கிறது அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரம். வேலை முடிந்ததும் தீக்காவல் நிற்கவேண்டிய நேரத்தை 2019இல் அரை மணியிலிருந்து ஒரு மணியாக உயர்த்தினார்கள். பஞ்சிலும் மரத்தூளிலும் விழுந்த பொறி புகைந்து புகைந்து, ஆள் போன பிறகுதான் பற்றிக்கொள்ளும்.

எம்ஆர்ஐ எடுக்குமுன் ஏன் கேட்கிறார்கள்?

"கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதா?" என்று எம்ஆர்ஐ அறையில் கேட்பார்கள். கண்ணுக்குள் தங்கிய துகளை அந்தக் காந்தம் நகர்த்தினால் பார்வையே போகலாம். கிரைண்டர் பிடிப்பவர்கள் மறைக்காமல் சொல்லவேண்டும். கருவிழியில் ஒட்டிய துகளைச் சுற்றிச் சில மணி நேரத்திலேயே துரு வளையம் படியத் தொடங்கும். தேய்க்காமல், நாளை பார்க்கலாம் என்று தள்ளாமல், கண் மருத்துவரிடம் போங்கள். முகக்கவசத்துக்குக் கீழே நெருக்கமான பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். கவசத்தின் ஓரத்தால் துகள் நுழையும்.

85 டெசிபல்

மலேசியாவில் 2019 ஜூன் 1இல் நடப்புக்கு வந்த சத்தம் தொடர்பான விதிகள், ஒரு நாள் வேலைக்கான சராசரி வரம்பை 85 டெசிபல் என்று வைத்தன. அதற்கு முன் 1989 விதிகளில் அது 90. சத்தம் 3 டெசிபல் கூடினால் காது தாங்கும் நேரம் பாதியாகும்: 85க்கு எட்டு மணி, 88க்கு நாலு மணி, 100க்கு வெறும் 15 நிமிடம். கிரைண்டர் தகட்டைத் தொடும்போது பட்டறைச் சத்தம் 100ஐ எட்டுவது சாதாரணம். இழந்த செவி திரும்பாது. காதடைப்பான் சில ரிங்கிட்தான்.

விரல் வெளுத்தால் விளையாட்டல்ல

ஆண்டுக்கணக்கில் அதிரும் கருவியைப் பிடித்தவர்களுக்கு, குளிர் பட்டதும் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். நரம்பும் ரத்தக்குழாயும் பழுதாவதன் அறிகுறி அது. வளைந்த தண்டு, ஒருபக்கம் தேய்ந்த டிஸ்க், இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் மூன்றும் அதிர்வைக் கூட்டும். பிடியைத் தளர்த்துங்கள், இடையிடையே கையை மாற்று வேலைக்கு விடுங்கள்.

மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கான திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாதுகாப்புக் கடமையில் தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதைச் சரிசெய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது. ஆகவே வேக எண் அழிந்த டிஸ்க்கையோ, கவசமில்லாத கருவியையோ கையில் கொடுத்து "சீக்கிரம் முடி" என்றால், முதலில் குறையைச் சொல்லுங்கள். மாற்றித் தரும்வரை லீவரை அழுத்தாதீர்கள். இதைப் படிக்கும் முதலாளிகளே, புதிதாக வேலைக்கு வரும் பையனிடம் முதல் நாளிலேயே டிஸ்க்கின் எண்ணையும் கருவியின் எண்ணையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. ஒரு குடும்பத்தின் சம்பாத்தியம் அதில் இருக்கிறது.